கல் கழிவு

நேரு வீதியில் ஒரு நகைக்கடையின் இரண்டாம் மாடி. கறுப்பு வெல்வெட் தட்டில் ஒரு மோதிரம். விற்பனைப் பெண் நிறம், தெளிவு, வெட்டு, எடை என்று நான்கையும் விளக்கி முடிக்கும்வரை அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இத பேங்க்ல வச்சா எவ்ளோம்மா குடுப்பாங்க?" என்றார்.

நிச்சயதார்த்த மோதிரம் வாங்க வந்த இடம். நான் கூரையைப் பார்த்தேன். நான் கட்டிக்கொள்ளப்போகிறவள் சிரிப்பை அடக்கக் கைப்பையில் எதையோ தேடினாள். விற்பனைப் பெண் மட்டும் கலங்கவில்லை. "இதெல்லாம் அடகுக்கு வராதும்மா. ஆசைக்குப் போடறது."

"பவுன்ல போட்டா ஆசை தீராதா?"

அன்று எதுவும் வாங்காமல் இறங்கினோம். அவள் வீடு சம்பா கோவில் பங்கு. அவளுடைய தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். ஊர்வழக்கில் 'சொல்தா' குடும்பம். எங்கள் வீடு வேறு. மதம், சாதி, சொந்தக்காரர்கள் எல்லாவற்றையும் அம்மா இரண்டே மாதத்தில் கடந்துவிட்டார். பதினெட்டு கேரட்டைத்தான் கடக்க முடியவில்லை.

அம்மாவுக்கு நகையைப் பற்றிக் கற்றுக்கொடுத்தது நகைக்கடை இல்லை, வங்கியின் நகைக்கடன் கவுன்ட்டர். 2007 முதல் 2011 வரை நான் இன்ஜினியரிங் படித்த காலத்தில், ஒவ்வொரு செமஸ்டருக்கும் முன்பு அங்கே போவோம். மதிப்பீட்டாளருக்கு மூலையில் சின்ன மேஜை. தராசு, லென்ஸ், உரைகல், ஒரு குப்பி நைட்ரிக் அமிலம். நகையை உரைகல்லில் ஒரு கோடு இழுப்பார். பக்கத்திலேயே தரம் தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு. இரண்டின்மேலும் அமிலத்தைத் தொட்டு, எது எவ்வளவு மங்குகிறது என்று பார்ப்பார். அவ்வளவுதான், மாற்று தெரிந்துவிடும். எனக்கு அது பரிசோதனைக்கூடத்தில் பார்த்த எதையும்விடச் சுத்தமான பரிசோதனையாகத் தோன்றும். அம்மா அவர் பேனாவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தச் சீட்டுகளில் ஒன்று இன்னும் பீரோவில் இருக்கிறது. 'மோதிரம் 1. மொத்த எடை 8.140. கல் கழிவு 0.400. நிகர எடை 7.740.' அப்பாவின் நிச்சயதார்த்த மோதிரம் அது, அம்மாவின் அப்பா போட்டது. மூன்றாம் செமஸ்டருக்கு வைத்தோம். மீட்க முடியாமல் ஐந்தாம் செமஸ்டரில் ஏலத்துக்குப் போனது. அந்த மோதிரத்தில் நான் எதைப் படித்தேன் என்று ஒருமுறை பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். இன்றுவரை சோறு போடுவது அதுதான்.

அம்மாவின் சட்டம் அங்கிருந்து வந்தது. கல் வைத்த நகை வாங்காதே. வாங்கும்போது கல்லுக்கும் காசு, வைக்கும்போது கல்லுக்குக் கழிவு. இதை அனுபவத்தில் சொன்னார் என்றுதான் நினைத்திருந்தேன். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நகைக்கடன் விதிகளைப் படித்தபோது அதுவே எழுத்தில் இருந்தது: தங்கத்தின் மதிப்பை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும், கல்லுக்கு எதுவும் சேர்க்கக் கூடாது.

கடையில் போட்டுத் தந்த உத்தேச பில்லை வீட்டில் வைத்து அலசினேன். 18 கேரட், அதாவது 750: ஆயிரம் பங்கில் எழுநூற்றைம்பது தங்கம். அம்மா வளையலில் இருப்பது 916. மோதிரத்தின் உலோக எடை 2.800 கிராம், அதில் சுத்தத் தங்கம் 2.100தான். மீதி வைரம், செய்கூலி, மொத்தத்தின்மேல் 3% ஜிஎஸ்டி. தங்கத்தைச் சரிபார்ப்பது சுலபம். 2021 ஜூலையிலிருந்து ஹால்மார்க் நகையில் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யூஐடி பொறிக்கிறார்கள். 2023 ஏப்ரல் முதல் அது இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைக்காரர் விற்கவே கூடாது. 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த ஆறையும் தட்டினால் யார் செய்தது, எங்கே சோதித்தது, எந்தத் தரம் என்று வந்துவிடும். அம்மாவுக்கு இந்தச் செயலி ரொம்பப் பிடித்துப்போனது. சொந்தக்காரர் கல்யாணத்தில் அடுத்தவர் நெக்லஸைத் திருப்பிப் பார்க்கும் அளவுக்கு.

வைரம் அப்படி இல்லை. கூடவே வந்த சான்றிதழில் எல்லாம் இருந்தது, விலை மட்டும் இல்லை. அது குறை அல்ல. ஜிஐஏ போன்ற ஆய்வகங்கள் தருவது தர அறிக்கை. கல் என்ன, எப்படி இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளும். என்ன பெறும் என்று சொல்வது வேறு ஆள், வேறு காகிதம். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் நம்மில் பலர் சான்றிதழை ஏதோ காசோலை மாதிரி லாக்கரில் வைக்கிறோம்.

இதற்கிடையில் அவளுடைய பாட்டி கூப்பிட்டு அனுப்பினார். குருசுக்குப்பத்து வீட்டில் கூடத்தில் உட்கார்ந்து, சோப்பு நுரை தடவி, கால் மணி நேரம் போராடி, தன் விரலிலிருந்து ஒரு மோதிரத்தைக் கழற்றினார். "உங்க தாத்தா மர்சேய்ல வாங்கினது. கடைக்கு எதுக்குப் போறீங்க? இத வச்சிக்கங்க."

உள்பக்கம் கைப்பேசிக் கேமராவால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சின்னச் சாய்சதுரத்துக்குள் தேய்ந்த எழுத்துகள். பக்கத்தில் எள்ளைவிடச் சிறியதாக ஒரு பறவைத் தலை. சாய்சதுரம் செய்தவருடைய முத்திரை. பறவை கழுகு: 1838 முதல் பிரான்சில் 18 கேரட் தங்கத்துக்கு அரசு குத்தும் முத்திரை. நீண்ட காலம் அந்த நாட்டில் அதற்குக் கீழான தரத்தைத் தங்கம் என்று விற்கவே முடியாது. நம் ஊரில் 'வெறும் பதினெட்டு' என்பது அங்கே வாசற்படி. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அவங்க ஊர்ல அடகுக் கடை இருக்காது" என்றார். இருக்கிறது, பாரிஸில் நகராட்சியே நடத்துகிறது என்றேன். அதற்குப் பிறகுதான் அந்த மோதிரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

நேரு வீதிக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த பெயர் துய்ப்ளேக்ஸ் வீதி. அதே வீதியின் ஒரு கடையில் கழுகை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. எக்ஸ்ரே கருவியில் வைத்தார்கள். எழுபத்தைந்துக்குப் பக்கத்தில் காட்டியது. உருக்குவதற்கான விலை சொன்னார்கள். "கல்ல கழட்டிக் கையில குடுத்துடறோம் சார்."

அம்மா திருப்திக்காக வங்கிக்கும் போனோம். பழைய மதிப்பீட்டாளர் இல்லை, ஓர் இளைஞர். மொத்தம் 3.420, கல் கழிவு 0.200 என்று எழுதினார். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு கேரட் 200 மில்லிகிராம். கல் முப்பது சென்ட் இருந்தால் 60 மில்லிகிராம்தான். வைரத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, கூடவே 140 மில்லிகிராம் தங்கமும் கழிந்துவிட்டது. சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சார், கல்ல கழட்டாம கண்ணாலதான் பாக்கறேன். கொறச்சு எழுதினா உங்களுக்கு நூறு எரநூறு நஷ்டம். கூட எழுதி ஒருநாள் ஏலத்துக்கு வந்தா என் தலையில விழும்."

பதினாறு வருடமாக அந்த 0.400 மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. அது எங்கள் மோதிரத்தைப் பற்றிய எண் இல்லை, அவருடைய பயத்தைப் பற்றிய எண் என்று அன்றுதான் விளங்கியது. மோசமான நாளில் அவசரமாக விற்க நேர்ந்தால் என்ன தேறும்? அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான்.

மூன்றாவது எண் சென்னையில் கிடைத்தது. காப்பீட்டுக்கு மதிப்பீட்டுச் சான்று தரும் ஒரு பெரியவர். பேனா மாதிரி ஒரு கருவியைக் கல்லின்மேல் வைத்தார், பீப் என்றது. "இத மட்டும் நம்பக்கூடாது, மாய்சனைட்டுக்கும் இது கத்தும்" என்று லென்ஸை எடுத்தார். வைரம்தான். கையால் பட்டை தீட்டிய பழைய வெட்டு. அவர் எழுதிய தொகை வங்கி தருவதாகச் சொன்னதைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு. அது தொலைந்தால் இதேபோல ஒன்று திரும்ப வாங்க ஆகும் செலவு; விற்றால் கிடைப்பது என்று நினைத்துவிடாதீர்கள் என்று இரண்டுமுறை சொன்னார். எனக்கு ஆயிரம் பேரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. இந்தத் தாளைக் காட்டி "என் மோதிரம் இவ்வளவு பெறும்" என்று சொல்லிக்கொள்பவர்கள் விற்கப் போகிற அன்று கடைக்காரரைத் திருடன் என்கிறார்கள்.

அவர் இன்னொன்றும் சொன்னார். "கல்லு மோதிரத்தவிட ஒரு தலைமுறை பழசு."

பாட்டியிடம் தயங்கித்தான் சொன்னோம். தாத்தா வாங்கியது யாரோ போட்டுக் கழற்றிய கல்லாக இருக்கலாம். பாட்டி கொஞ்ச நேரம் வெறும் விரலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "புதுசுன்னு சத்தியம் பண்ணாருடா. அறுவது வருசம் கழிச்சு மாட்டிக்கிட்டாரு."

கதை சேர்ந்தால் கல்லின் விலை ஏறும் என்பதற்கு எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஓர் உதாரணம் உண்டு. கறுப்பு ஆர்லோவ் என்ற 67.5 கேரட் வைரம், புதுச்சேரிப் பக்கம் ஒரு பிரம்மா சிலையின் கண்ணிலிருந்து திருடப்பட்டது என்று சொல்லி உலகமெல்லாம் காட்டினார்கள். இந்தியாவில் கறுப்பு வைரம் கிடைத்ததாகச் சான்று இல்லை. பாட்டி கல்லின் கதையை எழுத எந்தச் சீட்டிலும் கட்டம் இல்லை.

அந்த மோதிரமே போதும் என்று அவள் முடிவு செய்தாள். பாரதி வீதிக்குப் பின்னால் ஓர் ஆசாரி, விரலுக்குத் தக்கபடி சின்னதாக்கித் தந்தார். கழுகு இருக்கும் பக்கத்தைத் தொடாமல் எதிர்ப்பக்கம் வெட்டச் சொன்னேன். வெட்டி எடுத்த துணுக்கை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அம்மா அதை வாங்கி, எடை போடச் சொல்லி, எண்ணைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் பர்ஸில் வைத்தார்.

மாப்பிள்ளை மோதிரம் அவர்கள் வீட்டுச் செலவு. தேர்வு அம்மாவுடையது என்று விட்டுவிட்டார்கள். மறுபடியும் நேரு வீதி, இந்தமுறை கீழ்த்தளம், 916 மட்டும். கல் இல்லாத தட்டுகளை விற்பனைப் பையன் வரிசையாக எடுத்து வைத்தான். அம்மா ஒன்றையும் தொடவில்லை.

"கல்லு வச்சது காட்டுப்பா."

"அம்மா, கல்லுக்குக் கழிப்பாங்க."

"கழிச்சா கழிக்கட்டும். உங்கப்பாது கல்லு வச்சதுதான்."

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த மோதிரம் விரலில் இருக்கிற ஒரு புகைப்படம்கூட வீட்டில் தெளிவாக இல்லை. கல்யாணப் படங்கள் கறுப்பு வெள்ளை. சீட்டில் இருப்பது 0.400 மட்டும்.

"என்ன கல்லும்மா அது?"

"பச்ச" என்றார், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரு மட்டும் நீலம் நீலம்னு சொல்லிட்டிருப்பாரு."