இடம்பெயர்ந்த மைதானங்கள்

இந்தப் பக்கத்தில் விளையாட்டைப் பற்றி எழுதுவதா என்று சில சகோதரிகள் யோசிக்கக்கூடும். அதுவும் நாங்கள் கண்ணால் கண்டிராத அமெரிக்க விளையாட்டு. ஆனால் ஒரு விளையாட்டு மைதானம் அகதி முகாமாக மாறி, பிறகு மீண்டும் மைதானமாக மாறிய கதையை எங்களை விட வேறு யார் நன்றாக விளங்கிக்கொள்ளப் போகிறார்கள்? பாடசாலை வகுப்பறையில் படுத்து எழும்பியவர்கள் நாங்கள். பிறகு அதே வகுப்பறைக்கு எங்கள் பிள்ளைகளைப் படிக்க அனுப்பியவர்களும் நாங்கள்தான்.

எனக்கு இந்த விளையாட்டுகள் அறிமுகமானது என் பெரியம்மாவின் மகள் மூலம். அக்கா ரொறன்ரோவில் இருக்கிறா. இரவு வேலை செய்த தொழிற்சாலையில் தொலைக்காட்சி எப்போதும் ஓடிக்கொண்டிருக்குமாம். அதில் பார்த்துப் பார்த்தே பேஸ்போல் பழகிவிட்டா. அவர்களுடைய புளூ ஜேஸ் அணி 1993இற்குப் பிறகு 22 வருடம் இறுதிச் சுற்றுப் பக்கமே போகாமல் இருந்து, 2015இல் போனபோது, அந்த மாதம் முழுவதும் எங்கள் குடும்பச் செய்திகளை விட ஆட்டச் செய்திதான் அதிகமாக வந்தது. "எங்கட எல்லே மாதிரித்தான் பிள்ளை, கொஞ்சம் நீட்டி முழக்கி விளையாடுறாங்கள்" என்பது அக்காவின் விளக்கம். தடியால் பந்தை அடித்துவிட்டு நிலைகளைச் சுற்றி ஓடி வர வேண்டும். பாடசாலையில் எல்லே விளையாடியவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

பேஸ்போலில் ஒவ்வொரு அணியும் ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அநேகமாக ஒவ்வொரு நாளும் ஆட்டம். ஆதலால் சித்திரை, வைகாசியில் தோற்றால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. செப்டெம்பர் வந்தால்தான் கணக்குப் பார்க்கிறார்கள். யார் முன்னுக்கு, யார் எத்தனை வெற்றி பின்னுக்கு, இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எல்லோரும் கணக்கும் கையுமாகத் திரிவார்கள். அதே செப்டெம்பரில்தான் மற்ற ஆட்டம் தொடங்குகிறது. புட்போல் என்று அவர்கள் சொல்வது எங்கள் உதைபந்தாட்டம் அல்ல. பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடியும் எறிந்தும் ஆடுவது. அது வாரத்துக்கு ஒன்றுதான். நான் சொல்லப்போகும் காலத்தில் பருவத்துக்கு 16 ஆட்டம். எனவே முதல் ஆட்டமே பெரிய விடயமாகிவிடும்.

பல்கலைக்கழகத்தில் அனர்த்தமும் இடப்பெயர்வும் பற்றி ஒரு கட்டுரை எழுதவேண்டி வந்தபோது 2005ஆம் ஆண்டுச் செப்டெம்பரைத் தேடித் தேடி வாசித்தேன். அந்த ஒரே மாதத்தில் இந்த இரண்டு ஆட்டங்களும் ஒரு பெரும் இடப்பெயர்வும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடந்தன.

2005 ஓகஸ்ட் 29இல் கத்ரினா சூறாவளி அமெரிக்காவின் தென் கரையைத் தாக்கியது. நியூ ஓர்லியன்ஸ் நகரின் வெள்ளத்தடுப்பு அணைகள் உடைந்தன. நகரின் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீரில் மூழ்கியது. 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் முன்னமே வெளியேறிவிட்டார்கள். கார் இல்லாதவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பின மக்கள். முதியவர்களும் பிள்ளைகளோடு தனித்து நின்ற தாய்மாரும் அவர்களில் நிறைய. அவர்களுக்குக் காட்டப்பட்ட கடைசிப் புகலிடம் சூப்பர்டோம். அது நகரின் புட்போல் அணியான செயின்ற்ஸின் மைதானம், மேலே முழுவதும் கூரை போட்டது.

அந்தக் கூரையின் ஒரு பகுதியைக் காற்றுப் பிய்த்துக்கொண்டு போனது. மின்சாரம் போனது. மலசலகூடங்கள் நிரம்பி வழிந்தன. 20,000 பேருக்கு மேல் அந்த வெக்கைக்குள் நாட்கணக்காக இருந்தார்கள். உள்ளே கொலையும் வல்லுறவும் எல்லையில்லாமல் நடக்கின்றன என்று செய்திகள் பரவின. அவற்றில் பெரும்பகுதி மிகைப்படுத்தப்பட்டவை என்று பின்னர் தெரியவந்தது. முகாமில் இருப்பவர்களைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் கதை கட்டுவது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம் போலும்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும. பத்திரிகைகள் அந்த மக்களை அகதிகள் என்று எழுதின. அவர்கள் கோபப்பட்டார்கள். "நாங்கள் இந்த நாட்டுப் பிரசைகள், எங்கள் சொந்த நாட்டில் எப்படி அகதியாவோம்?" என்பதே அவர்களின் வாதம். சில செய்தி நிறுவனங்கள் அந்தச் சொல்லைக் கைவிட்டன. எங்கள் ஊரில் கூப்பன் அட்டையோடு வரிசையில் நின்ற அம்மாமாரில் எத்தனை பேர் அந்தச் சொல்லைக் கேட்டுத் தலையைக் குனிந்திருப்பார்கள் என்பது எனக்கு நினைவில் ஓடியது.

அங்கிருந்து பஸ்களில் ஏற்றி, 500 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள ஹூஸ்டன் நகருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறக்கிய இடமும் ஒரு மைதானம்தான். அஸ்ட்ரோடோம். 1965இல் திறக்கப்பட்ட, உலகின் முதலாவது கூரையிட்ட பெரும் விளையாட்டரங்கு. ஹூஸ்டனின் பேஸ்போல் அணியான அஸ்ட்ரோஸ் 1999 வரை அங்கேதான் ஆடியது. பிறகு நகரின் நடுவில் புதிய மைதானத்துக்குப் போய்விட்டது. பழைய வீட்டில் இப்போது ஆயிரக்கணக்கில் மடக்குக் கட்டில்கள்.

அஸ்ட்ரோஸின் கதையோ அந்த வருடம் வேறு விதமாக ஓடியது. மே மாதப் பிற்பகுதியில் அவர்கள் 15 வெற்றி, 30 தோல்வி. ஜூன் முதலாம் திகதி ஹூஸ்டன் பத்திரிகை ஒன்று அந்தப் பருவத்துக்குக் கல்லறைப் படமே போட்டுவிட்டது. 15 வெற்றி, 30 தோல்வி என்ற அந்த நிலைக்குப் பிறகு ஆடிய 117 ஆட்டங்களில் 74ஐ வென்றார்கள். செப்டெம்பர் 7ஆம் திகதி, பழைய மைதானத்தில் இடம்பெயர்ந்தோர் நிறைந்திருந்த அதே வாரத்தில், பிலடெல்பியாவில் ஓர் ஆட்டம். இறுதிச் சுற்றுக்கான கடைசி இடத்துக்கு இந்த இரண்டு அணிகளும்தான் முட்டி மோதின. ஒன்பதாவது சுற்று, இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் ஹூஸ்டனுக்குத் தோல்வி. பந்து எறிந்தவர் பில்லி வாக்னர். ஒருகாலத்தில் ஹூஸ்டனுக்கே எறிந்தவர். கிரெய்க் பிஜியோ அடித்த அடி எல்லைக்கு வெளியே போய் விழுந்தது. 6க்கு 5 என்று பின்தங்கியிருந்தவர்கள் 8க்கு 6 என்று வென்றார்கள். ஒக்ரோபர் 2ஆம் திகதி, பருவத்தின் கடைசி நாளில் கணக்கு முடிந்தபோது ஹூஸ்டனுக்கு 89 வெற்றி, பிலடெல்பியாவுக்கு 88. அந்த ஒரேயொரு அடி மாறி விழுந்திருந்தால் கணக்கும் மாறியிருக்கும்.

இதை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இடையில் செப்டெம்பர் கடைசிப் பகுதியில் ரீற்றா என்ற இன்னொரு சூறாவளி ஹூஸ்டனை நோக்கி வந்தது. அந்த வளாகத்தில் எஞ்சியிருந்த நியூ ஓர்லியன்ஸ் மக்கள் மறுபடியும் பெயர்க்கப்பட்டார்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டாவது, மூன்றாவது இடம். நாங்கள் எத்தனை தரம் இடம்பெயர்ந்தோம் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணத் தொடங்கி இடையில் விட்டுவிடுவோமே, அப்படி. ஒரே நகரத்தில் ஒரு பகுதியினர் எத்தனை வெற்றி குறைவு என்று எண்ணினார்கள். இன்னொரு பகுதியினர் எத்தனை பிள்ளைகளைக் காணவில்லை என்று எண்ணினார்கள். கட்டுரை எழுதிய நாட்களில் இது எனக்கு ஆத்திரமாக இருந்தது. இப்போது அவ்வளவு ஆத்திரம் இல்லை. நலன்புரி நிலையத்தில் பின்னேரம் ஆனதும் பொடியன்கள் துணிப்பந்து கட்டி அடித்து விளையாடியதைப் பார்த்தவள்தானே நானும்.

நியூ ஓர்லியன்ஸின் செயின்ற்ஸ் அணியும் வீடு இழந்தது. 2005 செப்டெம்பர் 11இல் முதல் ஆட்டத்தில் வெளியூரில், முடிவதற்கு மூன்று செக்கன் இருக்க, 23க்கு 20 என்று வென்றார்கள். அடுத்த வாரம் அவர்களின் "சொந்த மைதான" ஆட்டம். அது நடந்தது நியூ ஜேர்சியில், எதிரணியான ஜயன்ற்ஸின் மைதானத்தில்! ஏட்டில் அது செயின்ற்ஸின் வீடு. பார்வையாளர்கள் முழுக்க எதிரணி ஆட்கள். 27க்கு 10 என்று தோற்றார்கள். மிகுதிச் சொந்த ஆட்டங்களில் மூன்றை சான் அன்ரோனியோவிலும் நான்கை பற்றன் றூஜிலும் ஆடினார்கள். அந்தப் பருவத்தில் 3 வெற்றி, 13 தோல்வி. இதை வாசித்தபோது பின்னேரப் பாடசாலைதான் ஞாபகம் வந்தது. இன்னொரு பாடசாலையின் கட்டடத்தில், அந்தப் பிள்ளைகள் வீடு போன பிறகு, எங்கள் பாடசாலையின் பெயர்ப்பலகையைக் கொண்டுபோய்ச் சாத்திவைத்துவிட்டுப் படித்தோமே.

அணியை நிரந்தரமாகவே வேறு நகருக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற பேச்சும் அடிபட்டது. போகவில்லை. சூப்பர்டோமைத் திருத்த ஏறக்குறைய 185 மில்லியன் டொலர் செலவானது. அதில் பெரும்பகுதி அரசாங்க அனர்த்த நிவாரண நிதி. 2006 செப்டெம்பர் 25, திங்கட்கிழமை இரவு, அட்லாண்டா அணிக்கு எதிராக மைதானம் திரும்பத் திறந்தது. 70,000 பேர். ஆட்டம் தொடங்கி ஒன்றரை நிமிடம். எதிரணி பந்தைத் தூர உதைத்து அனுப்ப முயன்றபோது ஸ்டீவ் கிளீசன் என்ற வீரர் பாய்ந்து கைகளால் மறித்தார். பந்து பின்னோக்கி உருண்டது. கேர்ட்டிஸ் டிலோச் அதன் மேல் விழுந்து புள்ளி எடுத்தார். அந்தச் சத்தத்தை அங்கிருந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஆட்டம் 23க்கு 3 என்று முடிந்தது.

"ஒரு நகரம் குணமடைந்த இரவு" என்ற மாதிரி எழுதுவோரை நான் நம்புவதில்லை. அந்த இரவில் ஒன்பதாம் வட்டாரத்தின் கீழ்ப்பகுதி இருட்டாகவே கிடந்தது. 2000ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 4,84,000 பேர் இருந்த நகரம், 2010இல் 3,43,000 பேராகக் குறைந்தது. அதை விட, அதே 2006 ஜூனில் நான்கு பெரிய அரச வீட்டுத்தொகுதிகளை இடிக்கப்போவதாக அறிவித்தார்கள். ஏறத்தாழ 4,500 வீடுகள். பெரும்பாலும் பெண்கள் தலைமை தாங்கிய குடும்பங்கள் வாழ்ந்தவை. அவற்றில் பல திருத்தக்கூடியவை என்று குடியிருந்தவர்கள் வாதாடினார்கள். வேலி போட்டுப் பூட்டியிருந்தது. 2007 டிசெம்பரில் நகரசபை ஒருமனதாக இடிக்கச் சம்மதித்தது. மைதானத்துக்கு 13 மாதம். வீட்டுக்கு இடிப்புப் பத்திரம்.

வன்னியில் நான் வேலை செய்யும் கிராமம் ஒன்றில் மாதர் சங்கத்திடம் ஒரு சிறிய தொகை மிஞ்சியிருந்தது. இளம் பெண்கள் வலைப்பந்தாட்டத்துக்கு ஒரு காணியைச் சமப்படுத்த வேண்டும் என்றார்கள். மூத்தவர்கள் இரண்டு குடும்பத்துக்கு இன்னும் மலசலகூடம் முடியவில்லை, இது என்ன விளையாட்டு என்றார்கள். இரண்டு கூட்டம் இதிலேயே போனது. மூன்றாவது கூட்டத்தில் தேநீர் வரும் வரையில் நான் இந்த நியூ ஓர்லியன்ஸ் கதையைச் சொன்னேன். பந்தை மறித்த இடம் வந்ததும் எல்லோர் முகமும் மலர்ந்தது. ஓர் அம்மா மட்டும் அசையவில்லை. மெனிக் பாமில் இருந்து வந்தவ, மகனைத் தேடிக்கொண்டிருப்பவ.

"அந்தப் பெண்டுகளுக்கு வீடு குடுத்தவங்களோ பிள்ளை?"

இடித்ததைச் சொன்னேன்.

"அப்ப அண்டைக்கு அந்த மைதானத்துக்குள்ள இருந்து கத்தினது ஆர்? முதல் உள்ளுக்குக் கிடந்து அழுத சனமோ, வேற சனமோ?"

சமூகவியல் படித்த எனக்கு இதை விடச் சரியான ஆய்வுக் கேள்வி தோன்றியதில்லை. ரண்டும் கலந்துதான் அம்மா, ஆனால் உள்ளே கிடந்தவர்களில் நிறையப் பேர் திரும்பி வரவேயில்லை என்றேன். அப்போது பின்னுக்கு இருந்த ஒரு பிள்ளை, கணவனை இழந்து இரண்டு குழந்தையோடு இருப்பவள், மெதுவாகச் சொன்னாள்: "எண்டாலும் அம்மா, திரும்பி வந்ததுகள் ஒரு நாள் கத்தட்டுமே." அந்த அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தா. ஒன்றும் சொல்லவில்லை.

காசு மலசலகூடத்துக்குப் போனது. காணியைச் சிரமதானத்தில் சமப்படுத்தினார்கள். மண்வெட்டி பிடித்தவர்களில் அந்த அம்மாவும் ஒருவர். சித்திரையில் நடந்த முதல் ஆட்டத்தைப் பார்க்க வரவில்லை.

மற்றவர்களின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அஸ்ட்ரோஸ் 2005இல் முதன்முறையாக இறுதித் தொடருக்குப் போய், சிக்காகோவிடம் நான்கு ஆட்டத்திலும் தோற்றது. செயின்ற்ஸ் 2010 பெப்ரவரியில் சம்பியன் ஆனது. கிளீசனுக்கு 2011இல் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். என்ற நோய் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. பந்தை மறித்த காட்சி 2012 முதல் சிலையாக மைதானத்துக்கு வெளியே நிற்கிறது.

2021இல் ஐடா சூறாவளி அதே ஓகஸ்ட் 29ஆம் திகதி, சரியாக 16 வருடம் கழித்து, அந்தக் கரையைத் தாக்கியது. செயின்ற்ஸ் மறுபடியும் இடம்பெயர்ந்து, புளோரிடாவின் ஜக்சன்வில்லில் முதல் ஆட்டத்தை ஆடி 38க்கு 3 என்று வென்றது. அக்கா அழைத்து உற்சாகமாகப் புள்ளிக்கணக்குச் சொல்லத் தொடங்கினா.

"அது கிடக்கட்டும் அக்கா, அணைக்கட்டு நிண்டதோ?" என்று கேட்டேன்.

"இந்தமுறை நிண்டது" என்றா. "கரண்ட்தான் இல்லையாம், கனநாளா."