பழைய காமிரா

எனக்கு நிழற்பட ஆசையை மூட்டியவர் என் அம்மாதான். ஆம்பூர்ப் பெண்கள் பலரைப் போல அவரும் ஷூவின் மேற்பகுதியை (அப்பர் என்பார்கள்) வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்பவர். இரவு பத்து மணிக்கு ஒற்றை விளக்கின் கீழ் ஓடும் அந்த விரல்களைப் படமெடுக்க வேண்டும்! ஃப்ளாஷ் போட்டால் அந்த வெளிச்சமே செத்துவிடும்.

நண்பர்கள் 2018-இல் வந்த நிக்கான் டி3500-ஐச் சொன்னார்கள். 24 மெகாபிக்சல்! நானும் மயங்கினேன். ஆனால் வேலூரில் ஸ்டூடியோ வைத்திருந்த மாமா, தம் பழைய 50 மி.மீ. நிக்கான் லென்ஸை எனக்குத் தந்திருந்தார். அது எஃப் 1.8 வரை திறக்கும். புதுக் காமிராவோடு வரும் லென்ஸோ 55 மி.மீ.இல் எஃப் 5.6 தான். மாமாவின் லென்ஸ் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். சங்கடம் என்னவெனில், டி3500-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அந்த லென்ஸைக் கையால்தான் திருக வேண்டும். 2010-இல் வந்த டி7000-க்குள் மோட்டார் உண்டு. 16 மெகாபிக்சல்தான், பதினாறு அங்குல அகலத்துக்கு அச்சிட அது போதாதா என்ன?

பழையதையே வாங்கினேன். பணம், அம்மா ஜோடிக் கணக்கில் தைத்துச் சேர்த்தது. "புதுசு வாங்கக் காசு பத்தலையாடா?" என்றார். பதில் சொல்ல நா எழவில்லை.

அன்றிரவே எடுத்தேன். ஊசிமுனை கூடத் தெளிவாக விழுந்திருந்தது. அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "மூஞ்சிய விட்டுட்டியேடா!" என்றார். மறுநாள் இரவு தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு தைக்க உட்கார்ந்தார்.