விளக்கைக் கிட்டே கொண்டு வா

"ஏன் அண்ணாச்சி, இந்த வெள்ளையப் பாத்துப் பாத்தே எங்க கண்ணு பாதி போச்சு. இதுல நீங்க வேற மின்னல் காட்டுதீங்களே!"

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஓர் உப்பளம். பங்குனி மாதம், காலை ஏழு மணி. உப்பு வாரும் பலகையோடு பாத்திக்குள் நின்ற அந்த அம்மாள் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, சிரிப்பும் சலிப்புமாகக் கேட்டார். நான் கேமராவைத் தாழ்த்திக்கொண்டேன்.

எனக்கு 71 வயதாகிறது. அதில் 38 வருஷம் மதுரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, அறுபதாம் கல்யாணம் என்று எத்தனை ஆயிரம் முகங்களில் ஃப்ளாஷ் அடித்திருப்பேனோ, கணக்கில்லை. ஒருவர்கூட இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

கடையைச் சாத்திய பிறகு, கல்லூரியில் படிக்கும் பேத்தியும் நானும் விடுமுறை நாட்களில் ஊர் சுற்றுகிறோம். படம் எடுப்பது சாக்கு. மனிதர்களைப் பார்ப்பதுதான் வேலை. மூட்டை பெரிதில்லை. ஒரு கேமரா, உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிதாக ஒரு ஃப்ளாஷ், அதைத் தூரத்திலிருந்து இயக்கும் ட்ரிக்கர், மடக்கும் ஸ்டாண்ட், ஒரு வெள்ளைக் குடை, எட்டு பேட்டரிகள், மண் நிரப்பிக்கொள்ள ஒரு துணிப்பை. பேருந்தில் இருக்கைக்கு அடியில் அடங்கிவிடும்.

வெயிலில் எதற்கு ஃப்ளாஷ் என்று கேட்பவர்கள் உண்டு. உப்பளத்துக்கு வந்து பார்த்தால் புரியும். மேலே வெளுத்த வானம், கீழே வெளுத்த உப்பு, நடுவில் தலைத்துண்டின் நிழலுக்குள் ஒரு கறுத்த முகம். வானத்துக்கு ஏற்றபடி கேமராவை வைத்தால் முகம் கரியாகிவிடும். முகத்துக்கு ஏற்றபடி வைத்தால் வானமும் உப்பும் வெள்ளைத் தாளாகிவிடும். நம் கண் இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. முகத்துக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கடன் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் ஃப்ளாஷ்.

அந்தக் காலத்தில் ஃப்ளாஷைக் கேமராவின் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டு நேராக முகத்தில் அடிப்போம். மணப்பெண்ணின் மூக்கும் கன்னமும் ஒரே தட்டாகிவிடும். பாட்டியின் கண்ணாடியில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் விழும். பின்சுவரில் ஆளைவிடப் பெரிய நிழல் நிற்கும். "படம் பளிச்சுனு இருக்கு" என்று வாங்கிப் போவார்கள். பளிச்சென்று இருந்ததே தவிர, ஆள் இருந்தாரா என்று நான் பார்த்ததில்லை.

விளக்கைக் கேமராவிலிருந்து பிரித்துப் பக்கவாட்டில் வைத்தால் முகத்துக்கு மேடும் பள்ளமும் திரும்பி வரும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஃப்ளாஷை அணைத்துவிட்டு, வானத்துக்கு மட்டும் கேமராவை வைக்க வேண்டும். சூரியனைக் குறைக்கவோ கூட்டவோ நம்மால் முடியாது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் வானம் மங்கும். ஃப்ளாஷின் வெளிச்சம் கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்தில் வந்து போய்விடுவதால் ஷட்டர் அதைத் தொடாது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. இன்றைய கேமராக்கள் பலவற்றில் நொடியில் 200-இல் ஒரு பங்கோ 250-இல் ஒரு பங்கோ தாண்டினால், ஷட்டரின் இரண்டாவது திரை முந்திக்கொண்டு மூடத் தொடங்கி, படத்தில் கறுப்புப் பட்டை விழும். என் பழைய யாஷிகா மாட்டில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருந்ததால் 500-இல் ஒரு பங்குவரை ஃப்ளாஷ் ஒத்துப்போகும். பேத்தியிடம் பெருமை அடித்துக்கொள்ள எனக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

அன்று காலை நான் செய்த தவறு வேறு. அந்த அம்மாளிடம் போய்ப் பேசக் கூச்சப்பட்டு, நாலு மீட்டர் தள்ளி வரப்பிலேயே நின்றுகொண்டேன். வெளிச்சம் எட்டவில்லை. உடனே ஃப்ளாஷை முழுப் பவருக்குக் கூட்டி, குடையையும் கழற்றிவிட்டு, நேராக அடித்தேன். அதற்குத்தான் அந்தப் பேச்சு வாங்கினேன்.

விளக்கு பிடிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு இது: தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் பாதியாகக் குறைவதில்லை, காலாகக் குறையும். ஒரு மீட்டரில் இருந்ததை நாலு மீட்டருக்குக் கொண்டுபோனால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்தக் குறையை பவரைக் கூட்டி ஈடுகட்டப் பார்த்தால் பேட்டரி சூடேறும், அடுத்த படத்துக்குக் காத்துக் கிடக்க வேண்டும், எதிரில் நிற்பவர் கண் கூசும். இரண்டு மீட்டரில் முழுப் பவர் கேட்கும் அதே படம், ஒரு மீட்டரில் கால் பவரில் முடிந்துவிடும். இந்தக் கணக்கை எத்தனையோ பையன்களுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு நான் சொல்லிக்கொள்ளத்தான் நாளாகிவிட்டது.

மகன் பத்தாம் வகுப்பு படித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீடு கடைக்குப் பின்கட்டில். அவன் பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகம் வைத்துப் படிக்கிறான் என்று தெரிந்தால், நான் கல்லாவில் உட்கார்ந்தபடியே கத்துவேன். வாடிக்கையாளர் திரும்பிப் பார்ப்பார். தெருவே கேட்கும். அவனுக்கு மட்டும் கேட்காது. நான் இன்னும் சத்தமாகக் கத்துவேன். என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அவன் பக்கத்தில் உட்காருவாள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்டதே இல்லை. அவ்வளவு மெதுவாகப் பேசுவாள். சற்று நேரத்தில் கணக்கு நோட்டு திறந்திருக்கும். நான் முழுப் பவரில் அடித்தது எட்டவில்லை. அவள் முப்பத்திரண்டில் ஒரு பங்கில் அடித்தது எட்டியது. அவள் கிட்டே இருந்தாள், அவ்வளவுதான் விஷயம்.

உப்பளத்தில் என் தவறைச் சரிசெய்தவள் பேத்தி. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, குடையோடு பாத்தி ஓரமாக நடந்து போனாள். "மொதல்ல என் மூஞ்சில அடிச்சுக் காட்டுறேன் அத்தை, கூசுதான்னு நீங்களே பாருங்க" என்று குடையைத் தன் முகத்துக்கு நேராகவே திருப்பிக்கொண்டு பொத்தானை அமுக்கினாள். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "கிறுக்குப் புள்ள" என்றார். பிறகு, "சரி, சீக்கிரம் புடிங்க. வெயிலு ஏறுதுக்குள்ள இந்தப் பாத்திய முடிக்கணும்" என்றார்.

நானும் இறங்கினேன். இரவு மிச்சமிருக்கும்போதே தொடங்கும் வேலை அது. நிலத்தடியிலிருந்து இறைத்த உவர்நீர் பாத்தியில் காய்ந்து, அடியில் படிந்த உப்பைப் பலகையால் இழுத்துக் கரையோரம் சேர்க்கிறார்கள். காலடியில் அது நறநறவென்றது. பேத்தி குடையை அவருடைய இடது பக்கம், தலைக்குச் சற்று மேலே, கைக்கெட்டும் தூரத்தில் பிடித்தாள். கால் பவர். முகத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு முன்பு நான் அடிக்க நினைத்ததேதான். ஆனால் ஒரு சின்னப் புள்ளியிலிருந்து குத்தும் வெளிச்சத்துக்கும், ஒரு குடை அகலத்திலிருந்து பரவி வரும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம், கண்ணுக்குத்தான் தெரியும். அவர் கண்ணைச் சுருக்கவே இல்லை. தாடைக்குக் கீழே விழுந்த நிழலை, காலடியில் கிடந்த உப்பே கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பியனுப்பி மெலிதாக்கிவிட்டது. எந்த ஸ்டுடியோவிலும் அப்படி ஒரு தரை கிடைக்காது.

திரையில் படத்தைக் காட்டினோம். வெகுநேரம் பார்த்தார். "மூக்குத்தி தெரியுதே!" என்றார்.

கிட்டே போவதுதான் வித்தை என்று அன்று காலை எனக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. வயதானவனுக்கு ஒரு பாடம் கிடைத்தால் அதை எல்லா இடத்திலும் பொருத்திப் பார்க்கத் தோன்றும். அதுவும் தவறு என்று சாயங்காலமே தெரிந்தது.

கடற்கரையை ஒட்டிய திடலில் பிள்ளைகள் சிலம்பம் பழகிக்கொண்டிருந்தார்கள். ஆசானிடம் அனுமதி கேட்டோம். காலையில் கற்ற பாடத்தின்படி ஸ்டாண்டை ஆட்டத்துக்கு வெகு கிட்டே நட்டேன். துணிப்பையில் மண் நிரப்பி ஸ்டாண்டில் தொங்கவிட வேண்டும். படம் எடுப்பது ஐந்து நிமிஷ வேலைதானே என்று விட்டுவிட்டேன். கடற்காற்று ஒரு மூச்சு விட்டது. குடை பாய்மரமாகி, ஸ்டாண்டோடு ஆட்டத்துக்குள் போய் விழுந்தது. சுழன்று வந்த கம்பு அதில் பட்டு ஒரு கம்பி ஒடிந்தது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருக்கலாம் என்று நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

ஆசான் குரலை உயர்த்தவில்லை. "ஐயா, கம்பு சுத்துத வட்டம்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள யாரும் வரப்படாது. பெத்த தகப்பனும் வெளியதான் நிக்கணும்" என்றார்.

நாலரை மீட்டர் தள்ளிப் போனோம். இப்போது பழைய சிக்கல்: தூரத்திலிருந்து அடிக்க பவர் வேண்டும். ஆனால் சின்ன ஃப்ளாஷ்களில் பவரைக் கூட்டக் கூட்ட வெளிச்சம் எரியும் நேரமும் நீளும். முழுப் பவரில் கம்பின் நுனி கலங்கிப் போகும். குறைந்த பவரில் வெளிச்சம் நொடியில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்; அப்போதுதான் கம்பு காற்றில் நின்றதுபோல் விழும். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹெரால்ட் எட்ஜர்டன் பால்துளி தெறித்துக் கிரீடமாக எழும்புவதையும், ஆப்பிளைத் துளைத்துப் போகும் தோட்டாவையும் படமாக்கியது இந்த வகையில்தான். இருட்டறையில் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, கணப்பொழுது வெளிச்சத்தைக் கொண்டு அசைவை நிறுத்தினார்.

இருட்டறை எங்களுக்கு ஏது? பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். சுண்டல் வாங்கித் தின்றோம். வானம் ஊதாவானதும் ஐஎஸ்ஓ 800, அப்பர்ச்சர் 5.6, பவர் பதினாறில் ஒரு பங்கு. குடை இல்லாத விளக்கைப் பேத்தி வட்டத்துக்கு வெளியே தூக்கிப் பிடித்தாள். வெயிலில் முழுப் பவரிலும் எடுபடாத விளக்கு அது. அந்தியில் அதன் துளி வெளிச்சமே போதுமானதாக இருந்தது. பையனின் பாதம் தரையிலிருந்து நாலு விரற்கடை மேலே நிற்க, கம்பு வில்லாய் வளைந்து, எழும்பிய மண் துகள் துகளாகத் தெரிய ஒரு படம் கிடைத்தது.

பேருந்தில் திரும்பும்போது மறுபடி மகன் ஞாபகம்தான். தோளுக்கு மேல் வளர்ந்த பிறகு அவனுக்கும் ஒரு வட்டம் வந்துவிட்டது. அவன் நன்றாகச் சம்பாதித்த காலத்தில் நான் சொன்ன புத்திமதி ஒன்றும் அவனுக்குத் தேவைப்படவில்லை. நடுப்பகல் வெயிலில் ஏற்றிய விளக்கு மாதிரி. வேலை போய் ஆறு மாதம் வீட்டில் இருந்தான். அப்போது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தினமும் ராத்திரி போன் போட்டு, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டு வைத்துவிடுவேன். பல வருஷம் கழித்து ஒருநாள் சொன்னான், அந்த ஒரு கேள்விக்காகத்தான் ராத்திரிவரை காத்திருந்தேன் அப்பா என்று. அதையும் அவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

சின்னப் பிள்ளைகளிடமும், வாய் திறக்கத் தயங்குகிறவர்களிடமும் கிட்டே போக வேண்டும். தன் கம்பைத் தானே சுற்றுகிறவர்களுக்கு வட்டம் விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். ஆனால் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை நிற்க வேண்டும். எது எந்த இடம் என்று கண்டுகொள்ள எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது. எந்த இடத்திலும் முழுப் பவர் வேண்டியிருந்ததாக நினைவில்லை.

ஊர் திரும்பியதும் அந்த அம்மாளின் படத்தை 8-க்கு 12 அளவில் பிரிண்ட் போட்டேன். ஸ்டுடியோக்காரன் வழக்கம்: எடுத்தால் கொடுத்துவிட வேண்டும். முகவரி வாங்கியிருந்தோம். அட்டை வைத்து, கவரில் போட்டு, ஓரத்தை ஒட்டி, தபாலுக்குக் கொடுக்கக் கிளம்பினேன்.

பேத்தி வாசலில் மறித்தாள். "என்ன தாத்தா, நாலு மீட்டர் தள்ளி நின்னே அடிக்கிறீங்க?"

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அளத்தில் வேலை இருக்காது. அதற்குள் போயாக வேண்டும். புரட்டாசி இரண்டாம் வாரத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறோம். துணிப்பையை இந்த முறை நானே எடுத்து வைத்துவிட்டேன்.