சைடிங்குக்குப் பின்னால் இரண்டு அங்குலம்

ஸ்காபரோ, ஒக்ரோபர்

மல்வேர்ன் பக்கத்துத் தெருவொன்றில் இந்த வாரம் மூலை வீட்டின் மேல்மாடி வெறும் மேலோடு நின்றது. எழுபதுகளில் அடித்த அலுமினியத் தகடுகளை வேலையாட்கள் காலையிலேயே உரித்து முற்றத்தில் குவித்துவிட்டார்கள். உள்ளே கறுப்புத் தார்ப்பலகை, ஆணி பிடுங்கிய துளைகள், ஒரு மூலையில் காய்ந்துபோன குளவிக் கூடு. நாயோடு நடக்கப் போனவர்களும் பஸ்சுக்குப் போன மாமிமாரும் நின்று பார்த்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "என்ன கலர் போடப் போறியள்?"

வீட்டுக்கார அண்ணை சாம்பல் நிறம் என்றார். ரொறன்ரோவில் இப்போது எந்தத் தெருவில் திரும்பினாலும் சாம்பல்தான். அக்காவுக்கு மட்டும் வேறு கவலை. "எல்லாத்தையும் கழட்டியாச்சு. மாசி மாதத்தில மேல் அறையில கட்டிலைச் சுவரோட போட்டுப் படுக்க ஏலாது. இதுக்குள்ள ஏதும் வைச்சு அடிக்கக் கூடாதோ?" என்று கேட்டார். கொன்ராக்டர் வானுக்குள் கையை விட்டு, விசிறிபோல மடித்திருந்த நுரைத் தாளொன்றை இழுத்து விரித்தார். அரை அங்குலம்கூட இல்லை. "இதுவும் இன்சுலேஷன்தான் அக்கா. எல்லா வீட்டுக்கும் நாங்கள் இதுதான் போடுறது."

இந்த மடலின் கோபமெல்லாம் அந்தத் தாளின் மேல்தான்.

கல்வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கனடாச் சுவர் ஒரு ஏமாற்று வேலையாகத்தான் படும். பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாக நிமிர்த்திய மரச்சட்டங்கள். அவற்றின் இடைவெளியில் கண்ணாடி நார் மெத்தை. உட்பக்கம் ஒரு பிளாஸ்ரிக் விரிப்பும் சுண்ணப் பலகையும். வெளிப்பக்கம் ஒரு மென்பலகையும் தார்த்தாளும். அதற்கு மேலே அடிப்பதுதான் சைடிங். மழையையும் வெயிலையும் அது தாங்கும், தெருவுக்கு முகம் காட்டும். குளிரைத் தடுப்பது அதன் வேலை அல்ல. வைனைல் சைடிங்கின் தடுப்பு வலு ஒன்றைக்கூடத் தொடாது.

அந்த வலுவுக்கு இங்கே 'ஆர்' என்று அளவு. எண் கூடக் கூட வெப்பம் வெளியே ஓடுவது குறையும். பழைய வீட்டின் மெத்தைப் பொதியில் ஆர்-12 என்று அச்சிட்டிருக்கும். ஆனால் சுவர் முழுவதும் மெத்தை இல்லையே. சட்டங்கள், மேலும் கீழும் ஓடும் மரங்கள், யன்னலைத் தாங்கும் உத்தரங்கள் எல்லாம் சேர்ந்து பரப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. மூன்றரை அங்குல மரத்தின் ஆர் நாலரையை எட்டாது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பொதியில் இருக்கும் பன்னிரண்டு, சுவரில் எட்டரையாகிவிடுகிறது. உறைபனி படிந்த காலைகளில் சில வீட்டுச் சுவர்களில் வரிவரியாகப் பனி கரைந்திருக்கும். உள்ளே சட்டம் நிற்கும் இடங்கள் அவை. அந்த வரிகளின் வழியாகத்தான் எரிவாயுக் காசு வெளியே போகிறது.

இதற்கு மருந்து வெளியில்தான் இருக்கிறது. சட்டங்களையும் சேர்த்து மூடும்படி, இடைவெளி விடாமல், தார்ப்பலகைக்கு மேலே இரண்டு அங்குலப் பாறைக் கம்பளிப் பலகையை அடிப்பது. எரிமலைப் பாறையையும் உலோகக் கசடையும் உருக்கி நூலாக இழுத்துச் செய்யும் பலகை அது. ரொறன்ரோவிலிருந்து அதிக தூரமில்லாத மில்ரனிலேயே அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. அங்குலத்துக்கு ஆர் நாலு, இரண்டு அங்குலத்துக்கு எட்டு. எட்டரைச் சுவர் பதினாறரையாகிறது. நெருக்கி அழுத்திய நுரைப் பலகையென்றால் அங்குலத்துக்கு ஐந்து. பழைய தகட்டை உரிக்கிற கூலி, ஏணிச் சாரம், குப்பை ஏற்றுகிற காசு எல்லாம் எப்படியும் கொடுத்தாயிற்று. மேலதிகமாக வேண்டியது பலகை, அதை இறுக்கிப் பிடிக்கும் மரச்சலாகை, நீண்ட திருகாணி, கொஞ்சம் கூலி. சைடிங்கை ஒருமுறை அடித்து மூடினால் அடுத்த முப்பது நாற்பது வருடத்துக்கு அந்தச் சுவரைத் திறக்க ஒருவரும் வரப்போவதில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டுச் சாம்பலில் எந்தச் சாம்பல் என்று நிறப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள்.

ஊர்ச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த இடத்தைக் கடக்க முடியாது. யாழ்ப்பாணத்துப் பழைய கல்வீட்டுக்குச் சுவர் ஒரு முழத் தடிப்பு. சுண்ணாம்புக் கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து பூசியது. இங்குள்ள கணக்கில் அந்த முழச் சுவருக்கு ஆர் இரண்டுகூடத் தேறாது. ஆனால் பங்குனி வெயிலில் பட்டணத்துக்குப் போய் வந்து, விறாந்தைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தவருக்கு அந்தக் கணக்கு எதற்கு? பகல் வெப்பத்தைக் கல் மெதுவாக வாங்கி, அது உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுதைச் சாய்த்துவிடும். இரவில் உறைபனி இல்லாத ஊருக்கு அதைவிடச் சிறந்த சுவரை எந்தப் பொறியியலாளரும் இதுவரை கொண்டு வந்து காட்டவில்லை. சீமெந்துக் கல்லும் தகரமும் வந்த பிறகுதான் அங்கே மின்விசிறி இல்லாமல் படுக்க முடியாமல் போனது.

திரும்பவும் நுரைத் தாளுக்கு வருவோம். பயன் குறைவு என்பதோடு விஷயம் முடிந்தால் பரவாயில்லை. பனிக்காலத்தில் நம்மவர் வீட்டுக் குசினியில் புட்டு அவிகிறது, சோறு வடிகிறது, மேல்மாடியில் நாலு பேர் சுடுதண்ணீரில் குளிக்கிறார்கள். அந்த ஈரக் காற்று மின்செருகி ஓட்டைகளாலும் யன்னல் ஓரங்களாலும் சுவருக்குள் நுழைந்து, குளிர்ந்துபோன வெளிப்பலகையில் போய் மோதி நீராகிறது. வெளியே போதிய தடிப்பில் காப்பு இருந்தால் அந்தப் பலகை சூடாகவே இருக்கும், நீர் படியாது. மூச்சு விடாத நுரையை மெல்லியதாக அடித்தால் பலகையும் குளிர்ந்தே கிடக்கும், படிந்த ஈரமும் வெளியே காய முடியாது. கனடாவின் தேசியக் கட்டடக் கோவை இதற்கென்றே ஒரு விகிதம் வைத்திருக்கிறது. நீராவியைத் தடுக்கும் பொருளை வெளியே அடித்தால், உள்ளே இருக்கும் தடுப்பு வலுவில் ஐந்தில் ஒரு பங்காவது வெளியே இருக்க வேண்டும். ரொறன்ரோவுக்கு அந்தளவு போதும். வீட்டு விலைக்குப் பயந்து நம்மவர்கள் குடிபோகும் வினிப்பெக், எட்மன்ரன் போன்ற இடங்களுக்குப் பத்தில் மூன்று. கொன்ராக்டரின் தாளின் ஆர் ஒன்றைச் சுற்றித்தான் நிற்கிறது. அதில் ஊசித் துளை போட்ட வகையும் உண்டு. அது மூச்சு விடும், அவ்வளவுதான்; தை மாதப் பனியில் பெனியனோடு வெளியே நிற்பதற்குச் சமம். பாறைக் கம்பளியில் இந்த விகிதக் கவலையே இல்லை, நீராவி அதனூடாகப் போய்விடும்.

வெள்ளைக்காரக் கிழவர்களிடம் சுவருக்கு இன்சுலேஷன் என்று பேச்செடுத்தால் அவர்கள் பின்வாங்குவதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மத்திய அரசு வீட்டுக் காப்புக்கு உதவிப் பணம் கொடுத்தது. சுவரில் துளை போட்டு யூரியா ஃபோமல்டிஹைட் நுரையைப் பீச்சியடிப்பது அப்போது பரவியது. 1980 டிசம்பரில் அதே அரசு அந்த நுரையைத் தடைசெய்தது. அந்த வீடுகளின் விலை விழுந்தது. வழக்குகள் வருடக்கணக்காக இழுபட்டன. ஒன்ராறியோவில் வீடு வாங்கிய நம்மவர்கள் ஒப்பந்தத்தில் 'யூஃபி' என்ற வரியைக் கண்டிருப்பார்கள். லோயர் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வந்திருப்பார்கள்.

இனி, ரொறன்ரோ நகரசபையைப் பாராட்ட வேண்டிய இடம். சுவருக்கு வெளியே இரண்டு அங்குலம் ஏறினால் வீடு இரண்டு அங்குலம் பருக்கிறது. இங்கே வீட்டுக்கும் காணி எல்லைக்கும் நடுவே பக்கவாட்டில் இவ்வளவு இடம் விடவேண்டும் என்று வலயச் சட்டம் இருக்கிறது. காணியின் அகலத்தைப் பொறுத்து அது 0.9 மீற்றர், 1.2 மீற்றர் என்று மாறும். கட்டியவர்கள் அந்த எல்லையை உரசிக்கொண்டே கட்டியிருப்பார்கள். அப்படியென்றால் குளிருக்குப் பயந்து பலகை அடித்தவர் சட்டத்தை மீறியவராவாரே? ஆக மாட்டார். 569-2013 என்ற எண்ணுடைய சட்டம் இதை முன்பே யோசித்து வைத்திருக்கிறது: கட்டடம் ஐந்து வருடமாவது பழையதாக இருந்தால், அதன் மூலச் சுவருக்கு மேலே அடிக்கும் உறை, விடவேண்டிய இடத்துக்குள் 0.15 மீற்றர்வரை நுழையலாம். பதினைந்து சென்ரிமீற்றர், ஆறு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. ஐந்து வருடம் ஏன் என்பதை ஊகிப்பது கடினமில்லை. புது வீடு கட்டுகிறவன் இந்தச் சலுகையைக் காட்டி வீட்டை அகட்டிவிடக் கூடாது. இரண்டு அங்குலப் பலகை, முக்கால் அங்குலச் சலாகை, சைடிங் எல்லாம் சேர்ந்தாலும் நாலு அங்குலத்தைத் தாண்டாது. எவருடைய தயவும் வேண்டாம். சலுகை தன் காணிக்குள் மட்டும்தான். அடுத்தவன் எல்லையைத் தாண்டச் சட்டம் விடாது.

எல்லை என்று வந்தால் யாழ்ப்பாணத்தாருக்குப் பாடம் எடுக்க யாராலும் முடியாது. வருடத்துக்கு ஒருமுறை வேலி அடைக்கிற சாட்டில் கதியாலை நாலு விரல் தள்ளி நட்டு, அதற்காகக் கோர்ட்டுக்குப் போய், வழக்குச் செலவில் காணியையே விற்ற குடும்பங்களின் கதை ஊருக்கு ஊர் உண்டு. அப்படிப்பட்ட சனத்துக்கு ஒரு நகரசபை அரைச் சாணுக்கும் மேலே கணக்குப் பார்க்காமல் கொடுத்திருக்கிறது. நம்மவர் அதை வாங்காமலே சைடிங் அடிக்கிறார்கள்.

கனடாக்காரர்களுக்கு இது புதுவித்தை அல்ல. சஸ்கச்சுவான் மாகாணத்தில் ரெஜைனா நகரில் 1977இல் கட்டிய பரிசோதனை வீட்டின் சுவர் ஆர்-40. பூச்சியத்துக்குக் கீழே முப்பது பாகை போகிற ஊரில் அதற்கு ஃபர்னஸ் வைக்கவில்லை. அந்தக் குழுவில் இருந்த ஹரல்ட் ஓர் என்ற பொறியியலாளர் 1982இல் சாஸ்கற்றூனில் ஒரு பழைய வீட்டை எடுத்துக்கொண்டார். கூரையின் இறவாரம் குறுக்கே நின்றது. சங்கிலி வாளை எடுத்து அதைச் சுற்றிவர அறுத்துத் தள்ளினார்கள். மொட்டைப் பெட்டியாக நின்ற வீட்டைப் பிளாஸ்ரிக்கால் சுற்றி, மேலே புதுச் சட்டமடித்துக் காப்பை நிரப்பி, பிறகு இறவாரத்தைத் திரும்பப் பொருத்தினார்கள். காற்றுக் கசிவு பத்தில் ஒன்றாகக் குறைந்தது. ஜேர்மனியில் 'பஸிவ் ஹவுஸ்' இயக்கத்தைத் தொடங்கியவர்கள் இவரைத் தங்கள் முன்னோடியாக ஏற்று விருது கொடுத்தார்கள். ரொறன்ரோவின் சைடிங் கொன்ராக்டர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள்!

அவர்களுக்கும் சில கஷ்டங்கள் உண்டு. சுவர் தடித்தால் யன்னல் உள்ளே குழிந்துபோகும். சுற்றிவரப் புது விளிம்பும் மழைநீர்த் தகடும் வைக்க வேண்டும். துணி உலர்த்தியின் குழாய், தோட்டத் தண்ணீர்க் குழாய், மின்மானி எல்லாவற்றையும் வெளியே நீட்ட வேண்டும். சலாகை அடிக்கிற திருகாணி சட்டத்தைப் பிடிக்காவிட்டால் சைடிங் தொங்கும். மூன்று நாளில் முடிகிற வேலை இரண்டு கிழமைக்கு இழுபடும். இதற்கு மத்திய அரசு கொடுத்த ஐயாயிரம் டொலர்வரையான மானியமும் 2024இல் புது விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. நாற்பதாயிரம்வரை வட்டியில்லாமல் கொடுத்த கடனும் 2025இல் நின்றுவிட்டது. இரண்டுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது: வேலை தொடங்க முன்பே ஆலோசகர் வந்து வாசலில் விசிறி பூட்டிக் கசிவை அளந்திருக்க வேண்டும். தகட்டை உரித்துவிட்டு ஓடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

தனி வீட்டுக்காரர் தயங்கும் வேலையை ஹமில்ரன் நகரம் பதினெட்டு மாடிக்குச் செய்து முடித்திருக்கிறது. 1967இல் கட்டிய கென் சோபிள் கோபுரம், 146 குடியிருப்புகள், முதியோருக்கான சமூக வீடு. அதன் புறச்சுவரை முழுவதும் போர்த்தி, யன்னல்களை மாற்றி, 2021இல் திறந்தார்கள். எண்பதுகளில் வந்திறங்கிய நம்மவர்கள் முதலில் குடியேறிய சென் ஜேம்ஸ் டவுன் கோபுரங்களும் ஏறத்தாழ அதே வயதுதான், அதே கொன்கிறீற்தான். அங்கே தொல்லை பல்கனி. அறைத் தளமே நேராக வெளியே நீண்டு பல்கனியாகிறது, அதனூடாக வெப்பமும் நேராக வெளியே நீள்கிறது. அதைப் போர்த்துவதென்றால் பல்கனியை மூடவேண்டும் அல்லது வெட்டவேண்டும். முப்பது வருடமாக அதில் மிளகாயும் மோர் மிளகாயும் காயப்போட்டு வருகிற ஆச்சிமாரிடம் அந்தப் பேச்சை எடுக்கப் போகிற பொறியியலாளர், ஆர் கணக்கோடு மட்டும் போனால் வாசற்படி தாண்ட மாட்டார்.