கையைக் காட்டுங்க

அரசு மருத்துவமனை, வெளிநோயாளிகள் பிரிவு. வரிசை மெல்ல நகர்கிறது. "என்ன செய்யுது?" என்று கேட்பதற்கு முன்பே டாக்டரம்மா சொல்கிறார்: "கையைக் காட்டுங்க."

ஓர் இளைஞன். பத்து நகங்களிலும் குறுக்கே ஒரு பள்ளம்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி பெருசா காய்ச்சல் வந்துச்சா தம்பி?"

"ஆமா மேடம், டெங்கு. அட்மிட் ஆகியிருந்தேன்."

அவன் திகைத்துப்போகிறான். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. கடும் நோயில் வளர்ச்சி தடைபட்ட இடம் பள்ளமாகி, நகத்தோடு மேலேறி வருகிறது. ஏறிய தூரம் காலத்தைச் சொல்லிவிடுகிறது. ஜோசப் போ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1846இல் விவரித்த அடையாளம் இது.

அடுத்து, பீடி வாடையோடு ஒரு பெரியவர். விரல் நுனிகள் புடைத்து உருண்டிருக்கின்றன.

"ஐயா, ரெண்டு ஆள்காட்டி விரலையும் மடக்கி, நகத்தோட நகம் ஒட்டி வைங்க."

அடிநகத்தருகே வைர வடிவில் சிறு இடைவெளி தெரிய வேண்டும். பெரியவர் விரல்களுக்கிடையே வெளிச்சமே இல்லை. நுரையீரலோ இதயமோ, உள்ளே ஏதோ நடக்கிறது. டாக்டரம்மா முகம் மாறாமல் எக்ஸ்ரே சீட்டு எழுதுகிறார். "இன்னைக்கே எடுத்துட்டு வந்துடுங்க."

நகத்தில் வெள்ளைப் புள்ளி, கால்சியம் குறைவோ என்று மகளைக் கூட்டிவந்த தாய்க்கு ஒரே வரி: "எங்கயாவது இடிச்சிருப்பா, வளர்ந்து போயிடும்."

பிறகு ஒரு சித்தாள். முப்பது வயது இருக்கலாம். வெளிறிய நகங்கள், நடுவில் குழிந்து, ஓரம் தூக்கி நிற்கின்றன. டாக்டரம்மா ஒரு சொட்டுத் தண்ணீரை நகத்தின் மேல் விடுகிறார். வழியாமல் தேங்கி நிற்கிறது. கீழிமையை இழுத்துப் பார்க்கிறார். ரத்தமே இல்லாத வெளுப்பு.

"தீட்டு அதிகமாப் போகுதாம்மா?"

"மூணு வருசமா அப்படித்தான்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"இதைப் போயி யார்கிட்ட சொல்றது?"

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது 2019–21 தேசிய குடும்பநல ஆய்வு. எல்லோருக்கும் நகம் குழிவதில்லை. இவளுக்குக் குழிந்திருக்கிறது, தினமும் அந்தக் கையால் சோறு வாங்கிச் சாப்பிடும் வீட்டில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. மனம் ஆறவில்லை.

"ரத்தம் டெஸ்ட் பண்ணணும், ஸ்கேனும் எடுக்கணும். இரும்புச்சத்து மாத்திரை எழுதறேன். டீ குடிக்கிற நேரத்துல போடாதீங்க, உடம்புல சேராது."

"நாளைக்கு வேலைக்குப் போலாமா டாக்டரம்மா?"

"ரிப்போர்ட் வரட்டும். அதுவரைக்கும் கல்லு மண்ணு தூக்கக் கூடாது. வீட்டுக்காரர் வந்திருக்காரா? உள்ள வரச் சொல்லுங்க, நான் பேசறேன்."