பாம்பன் பாலம் தாண்டி ஒரு தோழி

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். பரமக்குடி தாண்டியும் சாலையோரம் சீமைக் கருவேலமரங்கள்தான். "இதைப் பார்க்கவாம்மா வந்தோம்?" என்று அலுத்துக்கொண்டாள் மகள். மண்டபம் கடந்து பாம்பன் பாலத்தில் கார் ஏறியதும் வாயடைத்துப் போனாள். இருபுறமும் நீலக்கடல், கீழே மீன்பிடிப் படகுகள், பக்கத்திலேயே 2025-ல் திறந்த புது ரயில் பாலம்.

எனக்கோ நெஞ்சு படபடத்தது. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி அவள். மூன்று வருஷத்துக்கு முன்பு அவள் கணவர் இறந்தபோது நான் போகவில்லை. அப்புறம் பேசலாம் என்று தள்ளிப்போட்டு, பேசவே கூச்சமாகிவிட்டது.

தங்கச்சிமடத்தில் வாசலிலேயே நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"முதல்ல சாப்பிடுடி, மீன்குழம்பு ஆறுது."

மறுநாள் தனுஷ்கோடி போனோம். 1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவர்கள் முன்னால் நின்றபோதுதான் சொன்னாள்: "அன்னிக்கு நீ வருவேன்னு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்டி."

என்னிடம் பதில் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கார் வரைக்கும் அவளும் விடவில்லை.