ராஜகிரிக்கு ஏழு பேர்

ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் ஒரு பருவம் வரும். அதைத் தமிழில் அப்படியே ‘ஆட்டம்’ என்று எழுதினால் அர்த்தமே மாறிவிடும் என்பதால் ‘இலையுதிர்காலம்’ என்று சொல்லிக்கொடுப்பார்கள். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகி இலை கொட்டும், நண்பர்கள் கூட்டமாக மலைப்பூங்காவுக்கு நடக்கப் போவார்கள். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் திண்டிவனம் பக்கத்தில் இலை கொட்டுவது மாசி, பங்குனியில். அக்டோபர் நடுவில் பிறக்கும் ஐப்பசியில் ஆரம்பித்து, கார்த்திகை முடியும்வரை இங்கே அடைமழை. பழைய இலக்கணம் இந்த இரண்டு மாதத்தையும் கூதிர் என்கிறது. கரட்டு மலைகூடப் பச்சைப் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிற காலம் அது.

மலையேற வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தில் அதுதான் சரியான பருவமும்கூட. சித்திரையில் செஞ்சிப் பாறையில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

2025 ஐப்பசியில் கூட்டேரிப்பட்டு பக்கத்துக் கல்லூரி ஒன்றில் கடைசி வருடம் படிக்கும் ஏழு பேர் மலைக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். நான்கு பையன்கள், மூன்று பெண்கள். ஊர்ப் பெயரால்தான் ஒருவரையொருவர் கூப்பிடுவார்கள் என்பதால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

முதலில் வழக்கம்போல் கொடைக்கானல், ஏற்காடு என்று பேச்சு கிளம்பியது. பட்ஜெட் போட்டுப் பார்த்ததும் அடங்கியது. ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டத்தில் நாற்பது மலைப்பாதைகள் இருக்கின்றன, இணையத்தில் பதிவு செய்யலாம், வழிகாட்டியும் கூட வருவார் என்றான் விக்கிரவாண்டிக்காரன். நல்ல திட்டம்தான். ஆனால் ஏழு பேருக்கான கட்டணமும் பஸ் செலவும் கூட்டியபோது, ஹாஸ்டல் மெஸ் பாக்கி வைத்திருந்த இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“நம்ம ஊர்ப்பக்கம் மலையே இல்லியா?” என்று கேட்டவள் ரெட்டணைக்காரி.

மயிலம் இருக்கிறது. கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் இறங்கினால் கொஞ்ச தூரம்தான். ஆனால் முருகன் மலைக்கு வண்டியே மேலே போய்விடும். சாமி கும்பிடப் போகலாம், மலையேறினோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அப்புறம் மிச்சம் செஞ்சி. அந்த வருடம் ஜூலையில்தான் யுனெஸ்கோ செஞ்சிக்கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்திருந்தது. மராத்தியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்தார்கள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்றே ஒன்று இங்கே. உலகமே பார்க்கக் கிளம்பும் மலையைப் பக்கத்திலேயே இருக்கும் ஏழு பேரில் ஐந்து பேர் பார்த்ததில்லை! பஸ் ஜன்னலில் இருந்து பார்த்ததெல்லாம் கணக்கில் வராது.

கஷ்டம் வீட்டில்தான் வந்தது. ரெட்டணைக்காரிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். மழைக்காலத்தில் அதிகமாகும். அதைவிடப் பெரிய தடை ‘மலையேற்றம்’ என்ற வார்த்தை. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்து, நடைபயணம் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். இளவயதுக்காரர்களே அதிகம். பெண்களும் நிறைய. அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகளே கொண்டு வந்தது. ஆனால் விதிமுறை வந்தது எந்த அப்பாவுக்கு நினைவிருக்கிறது? அன்றைக்கு டிவியில் பார்த்ததுதான் நினைவிருக்கிறது. “குரங்கணில போனவங்களும் ஃப்ரெண்ட்ஸுங்கதானே?” என்று அவளுடைய அப்பா ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

செஞ்சி காடு இல்லை, தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிற கோட்டை, கல் படி போட்டிருக்கிறார்கள், நேரம் கடந்தால் மேலே ஏற விடமாட்டார்கள் என்று அவள் இரண்டு நாள் வாதாடினாள். கடைசியில் அம்மாதான் அனுப்பி வைத்தார். நிபந்தனைகள் இரண்டு. இன்ஹேலர் கையைவிட்டுப் போகக்கூடாது. இருட்டுவதற்குள் கூட்டேரிப்பட்டில் இறங்கிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டவுன் பஸ். பெண்கள் மூவருக்கும் டிக்கெட் இல்லை. பையன்கள் நால்வரும் அதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டே வந்தார்கள். திண்டிவனத்தில் மாறித் திருவண்ணாமலை வண்டி பிடித்து செஞ்சியில் இறங்கினால், அங்கிருந்து ஷேர் ஆட்டோ.

செஞ்சிக்கோட்டை என்பது ஒரு மலை இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளைச் சுற்றிச் சுமார் 13 கிலோமீட்டர் மதில். மூன்றில் பெரியது ராஜகிரி, ஏறத்தாழ 800 அடி. கொடைக்கானலைப் பார்த்தவர்கள் 800 அடியா என்று சிரிப்பார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். யாரோ மூட்டை மூட்டையாகப் பாறையைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் உருண்டைக் கற்கள், அதற்குமேல் செங்குத்தாக ஒரு மொட்டைப் பாறை, அதன் உச்சியில் மதில்.

இந்த மலையின் பாதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆட்கள் ஏறுவதற்காகப் போட்ட பாதை அல்ல அது. ஏறவிடாமல் இருப்பதற்காகப் போட்டது. வாசலுக்கு மேல் வாசல், ஒவ்வொன்றுக்கும் ஒரு திருப்பம். படி உயர உயரப் பாதை ஒடுங்கிக்கொண்டே வரும். எவ்வளவு பெரிய படை வந்தாலும் ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும். வருகிறவனை மேலே இருப்பவன் ஒவ்வொருவனாகக் கவனித்துக்கொள்ளலாம்! உச்சிக்குச் சற்று முன்னால் பாறையே பிளந்துகொண்டு ஒரு பள்ளம், சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் மரப்பாலத்தை எடுத்துவிட்டால் கதை முடிந்தது. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690-இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை அவர் கைக்கு வந்தது 1698-இல். அதற்குள் ராஜாராம் தப்பித்துப் போய்விட்டார் என்பது தனிக்கதை.

நண்பர்கள் கூட்டத்துக்கும் இந்தப் பாதை அதே வேலையைத்தான் செய்தது. கீழே கல்யாண மகால், நெற்களஞ்சியம், ஆனைக்குளம் என்று சுற்றும்வரை ஏழு பேரும் ஒரே கும்பல். படி தொடங்கிய கால் மணி நேரத்தில் மூன்று துண்டாகிவிட்டார்கள். தீவனூர்க்காரன் கபடி ஆடுகிறவன். அவனும் விக்கிரவாண்டிக்காரனும் பந்தயம் கட்டிக்கொண்டு முன்னால் போனார்கள். நடுவில் மூன்று பேர், போட்டோ எடுத்துக்கொண்டு. படிகளை எண்ண ஆரம்பித்த ஒருத்தி, குரங்கு ஒன்று எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதில் எண்ணிக்கையை விட்டுவிட்டாள். கடைசியில் ரெட்டணைக்காரியும் மயிலத்துக்காரியும்.

மழை பெய்து ஓய்ந்த மலை. பாறை இடுக்கிலெல்லாம் ஈரம், படியில் பாசி, வேலிப்புதரில் காந்தள் பூத்துத் தீப்பிடித்தாற்போல் நின்றது. காற்றும் ஈரம். அந்த ஈரம்தான் அவளுக்கு ஆகாது. கமலக்கண்ணி அம்மன் கோயிலை நெருங்கும்போதே மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. உட்கார்ந்தாள். பையைத் தேடினாள்.

பை இல்லை.

கீழேயே, “குடு, நான் தூக்கிட்டு வரேன், நீ ஃப்ரீயா ஏறு” என்று தீவனூர்க்காரன் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டிருந்தான். நல்ல மனசோடு செய்ததுதான். அந்தப் பை இப்போது எங்கோ உச்சியில். அவளுடைய போனும் அதற்குள்ளேயே. மயிலத்துக்காரி தன் போனில் இருந்து அவனுக்கு அடித்துப் பார்த்தாள். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. ரிங் போனபோதும் அவன் எடுக்கவில்லை.

வீசிங் இருப்பவர்களை அருகில் பார்க்காதவர்களுக்கு ஒரு விஷயம். உள்ளே இழுப்பதைவிட, இழுத்த மூச்சை வெளியே விடுவதுதான் அவர்களுக்குப் பெரும்பாடு. மூச்சுக்குழல் இறுகிக்கொள்ளும். இன்ஹேலர் மருந்து அதைத் தளர்த்திவிடும். பயந்தால் இன்னும் திணறும். அது தெரிந்ததால் மயிலத்துக்காரி பயத்தை முகத்தில் காட்டாமல், தோழியை முன்பக்கமாகச் சாய்ந்து உட்காரவைத்து, துப்பட்டாவைத் தளர்த்தி, “மெதுவா விடு, மெதுவா” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுடைய கை மட்டும் நடுங்கியது.

அவளை விட்டுவிட்டு மேலே ஓடவும் முடியாது, கீழே ஓடவும் முடியாது. அப்போது ஆரணியில் இருந்து வந்த ஒரு குடும்பம் ஏறிக்கொண்டிருந்தது. “அண்ணா, மேல நீலச் சட்டை போட்ட பையன் ஒருத்தன் தோள்ல சிவப்பு பேக் மாட்டியிருப்பான். மருந்து அதுலதான் இருக்கு. உடனே வரச் சொல்லுங்கண்ணா!” என்றாள். அந்த ஆளுக்குத் தொந்தி. அவரால் வேகமாக ஏற முடியாது. ஆனால் குரல் இருந்தது. மேல் திருப்பத்தில் நின்றவர்களைப் பார்த்துக் கத்தினார். அவர்கள் அதற்கு மேலே இருந்தவர்களிடம் சொன்னார்கள். “நீலச் சட்டை, சிவப்பு பேக்” என்பது வாசல் வாசலாக ஏறிப் பாலம்வரை போய்விட்டது. எதிரி வருவதைச் சொல்ல அந்தக் காலத்தில் இப்படித்தான் கத்தியிருப்பார்களோ என்னவோ.

அவன் இறங்கி வந்த வேகத்தைப் பார்த்தவர்கள் திட்டினார்கள். பாசிப் படியில் ஓர் இடத்தில் வழுக்கி முழங்கையைத் தேய்த்துக்கொண்டான். வந்து பையைத் திறந்து கொடுத்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பஃப் இழுத்தாள். பத்து நிமிடம், கால் மணி நேரம். விசில் சத்தம் மெல்ல அடங்கியது. ஆரணிக் குடும்பத்துப் பாட்டி தன் பிளாஸ்கில் இருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். “பாப்பா, இனிமே உன் பைய நீயே தூக்கு” என்றார்.

இறங்கிவிடலாம் என்று ஆறு பேரும் சொன்னார்கள். வானமும் மேற்கே கறுத்திருந்தது. அவள் மட்டும் மாட்டேன் என்றாள். இவ்வளவு சண்டை போட்டு வந்தது பாதி மலையைப் பார்க்கவா? சரியாகச் சொன்னால், அது பிடிவாதம். வைத்தியர் யாரும் அங்கே இருந்திருந்தால் கீழே அனுப்பியிருப்பார். ஆனால் இன்னும் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது, இழுப்பு கொஞ்சம் இருந்தாலும் இறங்குவது, இல்லையென்றால் அவள் முன்னால் நடப்பது, அவளை யாரும் தாண்டக்கூடாது என்று மயிலத்துக்காரி பேசி முடித்தாள். இழுப்பு திரும்பவில்லை. மீதி மலையை ஏழு பேரும் அப்படித்தான் ஏறினார்கள். இருபது படிக்கு ஒரு நிற்றல். கபடிக்காரனுக்கு அந்த வேகத்தில் நடப்பது ஓடுவதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும்.

பாலத்தைத் தாண்டி, ரங்கநாதர் கோயில் வாசலில் உட்கார்ந்தபோது காற்று தள்ளியது. கீழே கண்ணுக்கெட்டியவரை நெல் வயல், நிரம்பிய ஏரிகள், எதிரே கிருஷ்ணகிரி. விக்கிரவாண்டிக்காரன் தேசிங்கு ராஜன் கதையை எடுத்துவிட்டான். 1714 அக்டோபரில், கிட்டத்தட்ட இதே பருவத்தில், ஆற்காட்டு நவாப் சாததுல்லாகானோடு மோதிச் செத்தபோது தேசிங்குக்கு 22 வயது. ஆறு வெள்ளமாய் ஓட, கொஞ்சம் பேரோடு குதிரையை இறக்கிவிட்டான் என்கிறது கதை. உயிர் நண்பன் மோவத்துகான் தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போருக்கு வந்து அவனும் செத்தான். ஒருவன் ராஜபுத்திரன், ஒருவன் முஸ்லிம். முந்நூறு வருடமாக இந்தப் பக்கத்துத் தெருக்கூத்தில் இருவரும் சேர்ந்தேதான் வருகிறார்கள்.

“மிச்சப் படை வந்து சேர்ற வரைக்கும் நிக்கக்கூடாதா அந்த ஆளு?” என்றாள் ரெட்டணைக்காரி. எல்லோரும் சிரித்தார்கள். தீவனூர்க்காரன் சிரிக்கவில்லை. முழங்கைச் சிராய்ப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இறங்கும்போது பாதியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாசல் மண்டபத்தில் முக்கால் மணி நேரம் ஒதுங்கியதில் நேரம் போய்விட்டது. திண்டிவனம் வந்து சேர்ந்தபோதே விளக்கு போட்டுவிட்டார்கள். கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் இறங்கும்போது ஏழரை. அவளுடைய அப்பா டிவிஎஸ் எக்ஸெல்லை நிறுத்திவிட்டு டீக்கடை தாழ்வாரத்தில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

தீவனூர்க்காரன்தான் நேராக அவரிடம் போனான். பை தன்னிடம் மாட்டிக்கொண்டதில் ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்ல வேண்டாம் என்று பஸ்ஸிலேயே ஐந்து பேர் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மகளைப் பார்த்து, “இப்ப எப்படிம்மா இருக்கு?” என்றார். பரவாயில்லை என்றாள். “மேல போனியா?”

“போனேம்பா.”

“பாலம் இன்னும் மரத்துலதான் இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே வண்டியை ஸ்டார்ட் செய்தார். அவர் ராஜகிரி ஏறியிருக்கிறார் என்பது அதுவரை அவளுக்கே தெரியாது.